வோல்ட்ஸ் ஆடப் பழகுவோம்

கொழும்பிலோ நீர்கொழும்பிலோ கிறிஸ்தவத் திருமண விருந்துகளுக்குச் சென்றவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். கேக் வெட்டி முடிந்ததும் மண்டபத்தின் நடுப்பகுதி ஒதுக்கப்படும். இசைக்குழுவினர் மெதுவான ஓர் இசையைத் தொடங்குவார்கள். மணமக்கள் இருவரும் தனியாகச் சுழன்று ஆடுவார்கள். சற்று நேரத்தில் பெற்றோரும், அடுத்துத் தோழர் தோழியரும், அதன் பின்னர் விரும்பிய எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். இதுவே வோல்ட்ஸ். பைலாவும் ஆரவாரமும் அதற்குப் பின்னர்தான்.

அந்த நேரத்தில் எமது தமிழ்ப் பெண்களில் அநேகர் சுவரோரக் கதிரைகளில் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்போம். ஆனால் அது வேறு ஆட்களுடைய பழக்கம், கால் பழகியவர்களுக்கு உரியது, எமக்கு எதற்கு என்று இருந்துவிடுவோம். ஐம்பத்திரண்டு வயதில்தான் நான் இந்த நடனத்தைப் பழகினேன். மூன்று மாதங்கள், சனிக்கிழமை மாலைகளில் ஒன்றரை மணித்தியாலம் என்ற கணக்கில் கற்றுக்கொண்டேன். இது அவ்வளவு கடினமான ஒன்றல்ல. வீட்டுத் தரையிலேயே அடிப்படை அடிகளைப் பழகிவிடலாம். அதைச் சகோதரிகளுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

பழகவேண்டி வந்த காரணம்

என் மகள் பறங்கியர் குடும்பம் ஒன்றில் திருமணம் செய்துகொண்டாள். காலையில் எமது முறைப்படி தாலி கட்டுவதென்றும், பின்னேரம் தேவாலயத்தில் ஆசீர்வாதமும் விருந்தும் என்றும் இரு வீட்டாரும் பேசி முடித்தோம். மணமக்கள் ஆடத் தொடங்கிய பின்னர் இரு பக்கத்துத் தாய்மாரும் எழுந்து சேர்ந்துகொள்வது அவர்கள் குடும்பத்து வழக்கம். "அம்மா, நீங்களும் கட்டாயம் வரவேணும்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

என் கணவர் காலமாகி அப்போது ஆறு வருடங்கள். யாருடன் ஆடுவது? என் மகன்தான், "நான் இருக்கிறன்தானே அம்மா, இரண்டு பேருமாய்ப் போய்ப் பழகுவம்" என்று முன்வந்தான். பம்பலப்பிட்டியில் தேவாலய மண்டபம் ஒன்றில் எழுபது வயது கடந்த பறங்கிய ஆசிரியை ஒருவர் நடத்திய வகுப்பில் சேர்ந்தோம். எல்லோரும் அவரை 'மிஸ்' என்றே அழைப்போம். வகுப்பில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதனால் பெண்களும் பெண்களும் சோடியாக நின்று, மாறி மாறி இரு பக்கத்து அடிகளையும் பழகினோம்.

இருநூறு வருடத்து முறைப்பாடு

ஆணும் பெண்ணும் அணைத்துக்கொண்டு ஆடுவதா என்று எமது பெரியவர்கள் முகஞ்சுளிப்பது புதிதல்ல. இந்த நடனம் பிறந்த ஐரோப்பாவிலேயே அதே முறைப்பாடு எழுந்தது.

ஜேர்மன் மொழியில் 'வால்சன்' என்றால் உருளுதல், சுழலுதல் என்று பொருள். ஒஸ்திரியாவிலும் தென் ஜேர்மனியிலும் கிராமத்து மக்கள் ஆடிய 'லென்ட்லர்' போன்ற சுழல் நடனங்களிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வோல்ட்ஸ் உருவானது. அதுவரை அரண்மனைகளில் ஆடப்பட்ட மினுவெட் நடனத்தில் ஆணும் பெண்ணும் எட்ட நின்று கையை மட்டும் பிடிப்பார்கள். வோல்ட்ஸ் அவர்களை நேருக்கு நேராக நிறுத்திச் சுழல வைத்தது. 1814, 1815ஆம் ஆண்டுகளில் நெப்போலியனுக்குப் பிந்திய எல்லைகளைத் தீர்மானிக்க வியன்னாவில் கூடிய மாநாட்டுக் காலத்து விருந்துகள் இந்நடனத்தை மேலும் பரப்பின. கவிஞர் பைரன் 1813இலேயே இதனைக் கேலிசெய்து பெயர் குறிப்பிடாமல் ஒரு கவிதை வெளியிட்டார். 1816இல் இங்கிலாந்தில் இளவரசர் அளித்த விருந்தில் வோல்ட்ஸ் ஆடப்பட்டபோது 'த டைம்ஸ்' பத்திரிகை, பெற்றோர் தம் பெண்பிள்ளைகளை இதிலிருந்து காக்கவேண்டும் என்ற கருத்தில் கண்டித்து எழுதியது.

ஆயினும் நடனம் நின்றுவிடவில்லை. வியன்னாவில் தந்தை ஸ்ட்ராவுஸும் பின்னர் மகன் ஸ்ட்ராவுஸும் இதற்கென்றே இசையமைத்துப் புகழ்பெற்றார்கள். மகன் ஸ்ட்ராவுஸின் 'நீல டானியூப்' 1867இல் அரங்கேறியது. புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் தேவாலய மணியோசைக்குப் பின்னர் ஒஸ்திரிய வானொலியில் ஒலிப்பது அந்த இசைதான்.

வியன்னா வோல்ட்ஸ் மிக வேகமானது. ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 180 அடிகள். எமது திருமணங்களில் ஆடப்படுவது அதுவல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் சீரமைக்கப்பட்ட மெதுவான வோல்ட்ஸே இங்கு ஆடப்படுகிறது. அதற்கு நிமிடத்துக்கு 84 முதல் 90 வரையான அடிகள்தான். லண்டனில் 1904இல் தொடங்கப்பட்ட நடன ஆசிரியர் சங்கம் 1924இல் போல்ரூம் பிரிவொன்றை அமைத்து அடிகளை ஒழுங்குபடுத்தியது. இன்று எந்த நாட்டில் பழகினாலும் அடிப்படை அடிகள் ஒன்றாக இருப்பதற்கு இத்தகைய முயற்சிகளே காரணம்.

முதலில் காது

அடியைப் பழகுமுன் இசையைக் கேட்டுப் பழகவேண்டும். வோல்ட்ஸ் மூன்று தட்டுக் கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. இதில் 'ஒன்று' அழுத்தமானது, மற்ற இரண்டும் மெல்லியவை. பரதநாட்டியமோ மிருதங்கமோ பழகியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இது திஸ்ர நடை. 'தகிட தகிட' என்றால் போதும். எமது காதுக்கு இது அந்நியமான தாளமே அல்ல.

இரண்டு நாட்களுக்கு, சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கைத்தொலைபேசியில் வோல்ட்ஸ் இசையை ஒலிக்கவிட்டு, 'ஒன்று' வரும்போது மாத்திரம் கை தட்டிப் பாருங்கள். அது பிழையாமல் வரத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

தரையில் ஒரு சதுரம்

இனி வெண்கட்டியால் தரையில் ஒரு சதுரம் வரையுங்கள். பக்கம் ஒன்றரை அடி போதும். அதன் முன்பக்கத்து வலது மூலையில், சதுரத்தின் முன்பக்கத்தைப் பார்த்தபடி, இரு கால்களையும் சேர்த்து நில்லுங்கள். உங்களுக்கு முன்னே வெறுந்தரையும், பின்னேயும் இடப்புறமும் சதுரமும் இருக்கவேண்டும். பெண்ணின் அடிகள் இவை:

ஒன்று: வலது காலை நேரே பின்னால் வையுங்கள்.
இரண்டு: இடது காலைப் பின்னால் கொண்டுவந்து இடப்பக்கமாக வையுங்கள்.
மூன்று: வலது காலை இடது காலுடன் சேருங்கள்.

இப்போது பின்பக்கத்து இடது மூலையில் நிற்பீர்கள். அடுத்த மூன்று:

ஒன்று: இடது காலை நேரே முன்னால் வையுங்கள்.
இரண்டு: வலது காலை முன்னால் கொண்டுவந்து வலப்பக்கமாக வையுங்கள்.
மூன்று: இடது காலை வலது காலுடன் சேருங்கள்.

தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். இதுவே பெட்டி அடி. ஆணுக்கும் இதே ஆறு அடிகள்தான். அவர் இடது காலை முன்னால் வைத்துத் தொடங்குவார்; நீங்கள் பின்னால் போகும்போது அவர் முன்னால் வருவார். பின்னர் நீங்கள் முன்னால் வர, அவர் பின்னால் போவார்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் 'மூன்று'. காலைச் சேர்த்தால் போதும் என்று நினைத்து, உடற்பாரத்தைப் பழைய காலிலேயே விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் அடுத்த 'ஒன்று'க்கு எந்தக் காலை எடுப்பதென்று தெரியாமல் நின்றுவிடும். சேர்க்கும் கால்தான் பாரத்தைத் தாங்கவேண்டும். 'மூன்று' என்றதும் மற்றக் காலைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். இலேசாகத் தூக்க முடிந்தால் சரி. மூன்று ஒற்றை எண் என்பதால் ஒரு முறை வலது காலும் மறுமுறை இடது காலும் என்று தொடங்கும் கால் மாறி மாறி வரும். அணிநடைபோல ஒரே காலில் தொடங்காமல் இரு காலுக்கும் சமமாக வேலை கொடுப்பது இந்த நடனத்தின் சிறப்பு.

பின்னால் அடி வைக்கும்போது காலை இடுப்பிலிருந்து நீட்டவேண்டும். விரல் நுனி முதலில் தரையைத் தொட்டு, பாரம் வர வரக் குதிக்கால் மெல்லப் பதியவேண்டும். முன்னால் வைக்கும்போது நடப்பதுபோலக் குதிக்கால் முதலில். 'ஒன்று'க்கு முழங்கால் சற்று மடிந்து இருக்கட்டும். 'இரண்டு' 'மூன்று'க்கு உடல் மெல்ல உயர்ந்து, 'மூன்று' முடியும்போது மீண்டும் தாழவேண்டும். ஊஞ்சல்போல வரும் அந்த ஏற்ற இறக்கந்தான் வோல்ட்ஸுக்கு அழகு. ஆனால் முதல் இரு வாரங்களுக்கு அதைப்பற்றி யோசிக்கவேண்டாம். அடி பழகிய பின்னர் அது தானாக வரும்.

பெட்டி நன்றாக வந்ததும், மூன்று அடிக்கு ஒரு தடவை கால்வட்டம் இடப்பக்கமாகத் திரும்பிப் பாருங்கள். நான்கு தடவையில், அதாவது பன்னிரண்டு அடியில், ஒரு முழு வட்டம் சுழன்றுவிடுவீர்கள். திருமண மண்டபத்தில் ஐந்து நிமிடம் ஆடுவதற்கு இவ்வளவுமே போதும்.

கை எங்கே இருக்கவேண்டும்?

ஆணின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின்மேல் இருக்கவேண்டும். பெண்ணின் இடது கை ஆணின் வலது மேற்கையில் இலேசாக இருக்கும். மற்ற இரு கைகளும் கண் உயரத்தில் ஒன்றையொன்று பிடித்திருக்கும். முகத்தோடு முகம் பார்க்கவேண்டியதில்லை. இருவரும் தத்தம் இடப்பக்கமாக, மற்றவரின் தோளுக்கு மேலால் பார்ப்பார்கள்.

மிஸ் முதல் நாளே சொன்ன விடயம் இது. தோள்பட்டையில் இருக்கவேண்டிய கை கீழே இறங்கினால் அது வோல்ட்ஸ் அல்ல. பெண் உடனே நிற்கலாம். 'நன்றி' என்று சொல்லிவிட்டு இசை முடியுமுன்பே தன் கதிரைக்குப் போகலாம். யாரும் காரணம் கேட்கக்கூடாது. ஆட வரும்படி கேட்பது ஒருவரின் விருப்பம், ஏற்பதும் மறுப்பதும் மற்றவரின் உரிமை. வியன்னாவின் நடன விருந்துகளில், பெண்களே எழுந்து சென்று தாம் விரும்பியவரை ஆடக் கேட்கும் வேளையும் உண்டு.

எமது பெண்பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக்கொடுப்பது நல்லது என்று எண்ணுகிறேன். தொடுகை என்றாலே பேசக்கூடாத விடயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அதனால் எது மரியாதையான தொடுகை, எது அல்ல என்று சொல்வதற்கு அவர்களிடம் சொற்கள் இல்லை. பேருந்திலும் வேலைத்தலத்திலும் வாய்மூடி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கை எங்கே இருக்கவேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது, அதை மீறினால் விலகிப்போக வழி இருக்கிறது என்று ஒரு நடன வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளை கேட்டுப் பழகினால், அது நடனத்துக்கு வெளியேயும் உதவும்.

வழிகாட்டுவதும் தொடர்வதும்

வோல்ட்ஸில் ஆண் வழிகாட்ட, பெண் தொடர்கிறாள் என்பார்கள். இது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இங்கேயுமா என்று தோன்றியது. பழகிய பின்னர்தான் அதன் பொருள் விளங்கியது.

தொடர்பவள் அநேகமான நேரம் பின்னோக்கி நடக்கிறாள். போகும் இடம் அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் மற்றவரின் கையில் தொங்கிக்கொண்டு ஆடமுடியாது. ஒவ்வொரு அடியிலும் தன் பாரத்தைத் தன் காலிலேயே தாங்கவேண்டும். தொங்கினால் இருவரும் சாய்வார்கள். வழிகாட்டுபவரும் இழுக்கவோ தள்ளவோ கூடாது. தன் உடலைத் தான் போகும் திசைக்குக் கொண்டுசென்றால் போதும். மற்றவருக்கு அது புரிந்துவிடும். அவளது அடி முடியுமுன் அவர் அடுத்த அடியை வைக்கவும் கூடாது. காத்திருக்கவேண்டும். மகன் முதல் இரு வாரமும் என்னைக் கதவைத் தள்ளுவதுபோலத் தள்ளினான். மிஸ் அவனைப் பெண்ணின் பக்கத்தில் நிறுத்தித் தானே வழிகாட்டி, பின்னோக்கி நடக்கவிட்டார். அதன் பின்னர் அவன் தள்ளவில்லை.

வகுப்பில் நாமும் வழிகாட்டும் அடிகளைப் பழகினோம். இரண்டும் தெரிந்திருந்தால் மற்றவரின் சிரமம் புரியும். ஆண் துணை இல்லாத சகோதரிகள் அக்கா தங்கையுடனோ, சிநேகிதியுடனோ தாராளமாக ஆடலாம்.

உடையும் காலணியும்

சேலையுடன் ஆடமுடியும். ஆனால் கணுக்கால் தெரியும் அளவுக்கு உயர்த்திக் கட்டவேண்டும். பின்னால் அடி வைக்கும்போது குதிக்கால் கரையை மிதித்துவிடும் என்பதே காரணம். முன்மடிப்பைச் சற்றுத் தளர்வாக விட்டு, முந்தானையைத் தோளில் ஊசி குத்தி, நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலணி பின்பட்டி உள்ளதாக இருக்கட்டும். கழன்றுபோகும் செருப்பு வேண்டாம். இறப்பர் அடி தரையைப் பற்றிக்கொள்ளும். உடல் திரும்ப, கால் திரும்பாமல் நின்றால் முழங்கால் முறுகும். தோல் அடி உள்ள காலணி நல்லது. வீட்டில் பழகும்போது வெறுங்கால் போதும்.

மண்டபத்தில் எல்லோரும் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவார்கள். புதியவர்கள் நடுவிலே நின்று பெட்டி அடியை ஆடினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

உடல்நலத்துக்கும் உகந்தது

நியூயோர்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் அவதானித்த மருத்துவ ஆய்வொன்று 2003இல் வெளியானது. அதில் ஆராயப்பட்ட உடற்பயிற்சிகளுள் நடனம் ஒன்றே மறதிநோய் வாய்ப்பு குறைவாக இருந்ததுடன் தொடர்புபட்டிருந்தது. நடனந்தான் நோயைத் தடுத்தது என்று அதைக்கொண்டு முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் தாளம், அடி, திசை, துணைவரின் அசைவு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும்போது மூளைக்கும் வேலை இருக்கிறது என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இத்தாலியில் இதயம் பலவீனமான 110 நோயாளர்களிடையே செய்யப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2006இல் அறிவிக்கப்பட்டது. மருத்துவக் கண்காணிப்பில் வாரம் மூன்று முறை வோல்ட்ஸ் ஆடியவர்கள், வழமையான உடற்பயிற்சி செய்தவர்களைப் போலவே முன்னேற்றம் கண்டார்கள்.

எமது பெண்களில் பலர் ஐம்பது வயதுக்குப் பின்னர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒற்றைக் காலில் பாரத்தைத் தாங்கி மாற்றும் இந்தப் பழக்கம் அவர்களுக்குப் பயனுடையது. இதயநோய், தலைச்சுற்று, முழங்கால் வாதம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் ஆடவேண்டாம்.

அன்று நடந்தது

நான் ஆடப் பழகுகிறேன் என்ற செய்தி உறவினருக்கு எட்டியதும் என் சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். "தாலி கட்டேக்க முன்னுக்கு நிக்கமாட்டன் எண்டனி. பிறகு எல்லாருக்கும் முன்னால ஆடப்போறியே, பிள்ளை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

காலையில் கன்னிகாதானத்தை அண்ணாவும் அண்ணியும் செய்துவைத்தார்கள். நான் மணவறைக்குச் சற்று ஒதுங்கி நின்றேன். அப்படி நில் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நிற்கப் பழகியிருக்கிறோம். பெற்று வளர்த்த பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு தூணுக்கு அருகில் நின்று பார்த்தேன். பின்னேரம் விருந்தில் மகள் ஆடிக்கொண்டே என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். மகன் எழுந்து வந்து கேட்டான். நடுமண்டபத்தில், எல்லோரும் பார்க்க, என் பிள்ளைகள் இருவருக்கும் அருகில் பெட்டி அடியை ஆடினேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்து இருந்ததும் சின்னம்மா தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளிவைத்தார். "கால் நோகேல்லையே பிள்ளை?" என்று மாத்திரம் கேட்டார்.

கைம்பெண் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது எந்தத் தெய்வமும் இட்ட கட்டளையல்ல. நாமே போட்டு நாமே காக்கும் வேலி அது. அதை அகற்ற எல்லோரும் வோல்ட்ஸ் ஆடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் பிள்ளையின் மங்கல நிகழ்வில் தாய் நடுவில் நிற்பதற்கு எமது சடங்குகளிலும் இடம் கொடுக்கவேண்டும் என்பதையே கேட்கிறேன். அடுத்த வருடம் என் தமக்கையின் மகளுக்குத் திருமணம். தமக்கையும் என்னைப்போலத்தான். கன்னிகாதானத்தின்போது அவரும் அருகில் நிற்கவேண்டும் என்று இப்போதே ஐயரிடம் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். முதல் வாரம் இசையைக் கேட்டுக் கை தட்டுங்கள். இரண்டாம் வாரம் வெண்கட்டிச் சதுரத்தில், இசை இல்லாமல், வாயால் எண்ணிக்கொண்டு அடி வையுங்கள். மூன்றாம் வாரம் இசையுடன் ஆடுங்கள். நான்காம் வாரம் சதுரத்தை அழித்துவிட்டு, நிலத்தைப் பார்க்காமல் ஆடிப் பாருங்கள். பின்னர் ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். கணவர், மகன், மகள், அயல்வீட்டுச் சிநேகிதி, யாராக இருந்தாலும் சரி. அடுத்த திருமண விருந்தில் இசை தொடங்கும்போது, ஆடுவதா இருப்பதா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.